ஆறு குண்டும் கொஞ்சம் புகையும்

பொன்னேரி பஜாரில் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பொடியன் அப்பாவிடம் அழுது ரோல் கேப் துப்பாக்கி வாங்கிவிட்டான். வாங்கினதும் எதிரே நின்ற என்னைத்தான் சுட்டான். 'பட்'. கொஞ்சம் புகை, கொஞ்சம் நெடி. அப்புறம் சுருள் சிக்கிக்கொண்டது. "இருங்க அங்கிள், சரி பண்ணிட்டு சுடறேன்" என்றான். இருந்தேன்.

அன்று ராத்திரி 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) மறுபடி பார்த்தேன். செர்ஜியோ லியோனியின் இந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு.

கதை நடப்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 வாக்கில். க்ளின்ட் ஈஸ்ட்வுட் கையில் 1851 மாடல் கோல்ட் நேவி. அன்றைக்கு அதை லோட் பண்ணுவது ஒரு சின்ன சமையல். ஆறு அறைகளிலும் கருமருந்து கொட்டி, ஈயக் குண்டு வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் இடித்து இறக்கணும். நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவாமலிருக்க மேலே கொழுப்பு தடவுவார்கள். கடைசியாகப் பின்பக்கம் ஆறு செப்புத் தொப்பிகள். நம் பொட்டு வெடிக்குத் தாத்தா. ஆறு முறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து, நிமிஷக் கணக்கில். உபெர்ட்டி, பியெட்டா போன்ற இத்தாலிய கம்பெனிகளின் நகல்களை வைத்து இன்றைக்கு வெளிநாட்டில் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களும் இத்தனையும் செய்கிறார்கள். சுட்டு முடித்து சோப்புத் தண்ணீரில் கழுவணும். இல்லாவிட்டால் துரு.

படத்திலோ, இந்தத் துப்பாக்கிக்கு ஏறத்தாழ பத்து வருஷம் கழித்து வந்த உலோகத் தோட்டாவைச் செருகுகிறார்கள். 'சினிமாதானே ஸார்' என்பீர்கள். தேதித் தப்பை மன்னித்துவிடலாம். என் வருத்தம் வேறு.

ஓட்டல் அறையில் ஈஸ்ட்வுட் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். மூன்று பேர் கொல்ல வருகிறார்கள். தெருவில் ராணுவம் போகும் சத்தத்தில் காலடி கேட்காது. படை சட்டென்று நிற்க, குதிமுள்ளின் 'கிணுக்'. அவசரமாகப் பூட்டிச் சுட்டுவிடுகிறார். பிரமாதமான காட்சி. ஆனால் அங்கே மருந்து, குண்டு, தொப்பி என்று ஒவ்வொன்றாகப் போடவேண்டி இருந்தால்? நாற்காலி நுனிக்கு வந்திருப்போம். கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் நம்மை அத்தனை நேரம் காக்கவைத்த லியோனி, இங்கே கையிலிருந்த காத்திருப்பைத் தவறவிட்டார். 'கங்கா' (1972) முதல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) வரை நம் ஆட்களும் குதிரையையும் தொப்பியையும்தான் கடன் வாங்கினார்கள்.

பொன்னேரியிலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே வெடிமருந்து தயாரித்துக் கப்பலில் அனுப்பினார்கள். வெடியுப்பு, கரி, கந்தகம். எரிந்ததில் பாதிக்கு மேல் புகையும் கசடுமாக மிஞ்சும். சுட்டவன் கண்ணையே மறைக்கும். யார் விழுந்தான் என்று பார்க்க, புகை கலையும்வரை நிற்கணும்.

அந்தப் புகையையும் காத்திருப்பையும் சினிமா பெரும்பாலும் துடைத்துவிட்டது. கொல்வது ஸ்விட்ச் போடுகிற மாதிரி சுலபமாகிவிட்டது. தப்பு தேதியில் இல்லை, இதில்தான்.

பொடியன் சுருளைச் சரிபண்ண ரொம்ப நேரம் ஆனது. அதற்குள் என்னைச் சுடுகிற ஆசையே போய்விட்டது போல. "நீங்க சுடுறீங்களா அங்கிள்?" என்று துப்பாக்கியை நீட்டினான்.