மைக்குக்கு முதுகில் கேடயம், பாடுபவருக்கு முதுகில் வெறும் சுவர்

வீட்டில் பாட்டு, கதைசொல்லல், பாட்காஸ்ட் என்று எதையாவது பதிவு செய்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்துக்கு வந்து நிற்பார்கள். மைக் வாங்கியாச்சு, ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியாச்சு, ஆனா பதிவைக் கேட்டா குரல் குளியலறையிலிருந்து வர்ற மாதிரி இருக்கு. தீர்வு தேடினால் மூன்று சாமான்கள் கண்ணில் படும். மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக நிற்கும் ரிஃப்ளெக்‌ஷன் ஃபில்டர், மைக்கையே விழுங்கிக்கொள்ளும் ஸ்பாஞ்ச் பந்து, 12 துண்டுகளாக வரும் ஃபோம் பேக். இவை வேலை செய்யுமா? கொஞ்சம் செய்யும். ஆனா பெரும்பாலும் தப்பான இடத்தில் செய்யும்.

முதலில் ஃபில்டர். எஸ்இ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ரிஃப்ளெக்‌ஷன் ஃபில்டர்தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. இப்போது பல கம்பெனிகள் அதே வடிவத்தில் விற்கின்றன. பார்த்தால் அறையின் எதிரொலியை மைக் நெருங்கவிடாமல் தடுக்கும் கேடயம் போலத் தெரியும். ஆனால் குரலுக்கு நாம் பயன்படுத்தும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், பின்னால் வருவதைக் கிட்டத்தட்டக் கேட்காது. அதாவது, மைக் ஏற்கெனவே கண்டுகொள்ளாத பக்கத்தில்தான் கேடயம் நிற்கிறது. மைக்கின் முகம் பார்ப்பது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அந்தச் சுவரில் மோதித் திரும்பும் குரல் எந்தத் தடையும் இல்லாமல் நேரே மைக்குக்குள் போகும்.

நியாயமா சொல்லணும்னா, ஃபில்டரால் ஒரு பலன் உண்டு. வாயிலிருந்து கிளம்பும் ஒலியில் ஒரு பங்கை அது அறைக்குள் பரவும் முன்பே உறிஞ்சிக்கொள்ளும். ஆனா அதன் பரப்பே ஒன்றிரண்டு சதுர அடிதான். அது முழுக்க உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் மிச்சம், பக்கத்திலேயே இருக்கும் மைக்கில் நேர்க்குரலோடு கலந்து குரலின் நிறத்தையும் லேசாக மாற்றும்.

ஸ்பாஞ்ச் பந்தின் சிக்கல் வேறு. கார்டியாய்டு மைக் பின்பக்க ஒலியை ஒதுக்குவதே, அந்த ஒலி டயஃப்ரத்தின் பின்புறத்தையும் வந்து சேர்வதால்தான். பின்பக்க வழியை அடைத்தால் மைக்கின் குணமே மாறிவிடும். திருவிழா மேடையில் பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்ததும் ஸ்பீக்கர் 'கூ'வென்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீங்க. அதுவும் இதே சங்கதிதான். ஸ்பாஞ்சு கை அளவுக்கு அடைக்காது, ஆனா பாதிப்பு அதே திசையில்தான்.

அடுத்தது ஃபோம் பேக். இங்கே இரண்டு கணக்கு போடணும். ஒன்று தடிமன். சுவரில் ஒட்டிய ஃபோம் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கை நெருங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 3,400 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் சுமார் 10 செ.மீ., கால்பங்கு 2.5 செ.மீ. ஒரு அங்குல ஃபோம் போதும். குரலின் கனம் இருக்கும் 200 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 1.7 மீட்டர், கால்பங்கு 43 செ.மீ.! ஆக, மெல்லிய ஃபோம் மேல்ஸ்தாயி ஒலியைத்தான் விழுங்கும், அடியில் இருக்கும் 'பூம்' அப்படியே நிற்கும். ஃபோம் ஒட்டிய பிறகு குரல் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஆவது இதனால்தான். முட்டை அட்டையில் இந்த அளவுகூடக் கிடையாது.

இரண்டாவது கணக்கு பரப்பு. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 680 சதுர அடி. சதுர அடி அளவில் 12 துண்டு ஃபோம் அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை.

பரப்பு முக்கியம் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் 5 நொடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்ததாம். அதைச் சரிசெய்யச் சொன்னபோது, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வொரு அளவுக்கும் ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். எதிரொலி அடங்கும் நேரம் அறையின் கொள்ளளவையும் அதிலுள்ள மொத்த உறிஞ்சலையும் பொறுத்தது என்ற விதி அப்படித்தான் பிறந்தது.

சபைன் பயன்படுத்தியது மெத்தை. நம்ம வீட்டிலும் அது இருக்கு. 6க்கு 4 அடி இலவம்பஞ்சு மெத்தை 24 சதுர அடி, அதாவது ஃபோம் பேக்கின் இரண்டு மடங்கு பரப்பு, தடிமனும் பல மடங்கு. அதை உங்கள் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்துங்க. இடைவெளி இருந்தால் இன்னும் கீழ்ஸ்தாயி வரை உறிஞ்சும். ரெக்ஸின் உறை இருந்தால் கழற்றிடுங்க, அது மேல்ஸ்தாயியைத் திருப்பி அடிக்கும். டைல்ஸ் தரையில் கனமான ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்க.

அதற்கும் முன்னால் காசே செலவில்லாத வேலை ஒன்று உண்டு. மைக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்பவர் 15 செ.மீ.க்கு வந்தால் நேர்க்குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிட்ட வந்தால் அடிக்குரல் கூடும், 'ப' வெடிக்கும். அதற்கு ஒரு பாப் ஃபில்டரும் லோ-கட்டும் போதும்.

விளம்பர வீடியோக்களில் 'முன்', 'பின்' என்று ஒப்பிட்டுக் காட்டும்போது மூன்றைக் கவனிங்க. மைக்குக்கும் வாய்க்கும் தூரம் இரண்டிலும் ஒன்றா? ஒலி அளவு சமமா? அறையில் வேறு எதுவும் மாறவில்லையா? கொஞ்சம் சத்தமா கேட்பது காதுக்கு எப்பவும் 'நல்லா' இருக்கும். அதை வைத்தே ஒரு பொருளை விற்றுவிடலாம். தெரு ஆட்டோ ஹாரனை ஃபோம் நிறுத்தும் என்று யாராவது சொன்னால் அந்த வீடியோவை மூடிடலாம். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேணும்.

அப்போ ஃபில்டரே வாங்கக் கூடாதா? முதுகுக்குப் பின்னால் மெத்தை, மைக்குக்கு அருகில் நிற்பது, இரண்டும் செய்த பிறகும் மிச்சம் கேட்டால் வாங்கலாம், சின்ன லாபம் இருக்கும். அதையே முதலில் வாங்கும் புதுப் பாடகர்தான் பாவம். காசும் போய், பதிவும் மாறாமல், கடைசியில் தன் குரல்தான் சரியில்லை என்று நினைத்துவிடுகிறார். மெத்தை வைத்துப் பாடிப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீங்க.