வெள்ளிப் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம்?

திரைப்படங்களில் கிறிஸ்துவைத் தேடும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. இளையோர் ஞான ஒடுக்கங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் ஏதேனும் ஒரு படத்தைக் காட்டி, அதிலிருந்து இறைச்செய்தியைப் பிழிந்து தருவது எளிய வழியாகிவிட்டது. வழக்கத்தில் தவறு ஏதுமில்லை. 1936-இல் பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றித் தனிச் சுற்றுமடலே எழுதினார். அதில் ஒலித்தது பெரும்பாலும் எச்சரிக்கைக் குரல். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையேட்டில் திரையை இறைவனின் கொடைகளுள் ஒன்றாகவே நோக்கியது. திரைக்கலையின் நூற்றாண்டான 1995-இல் வத்திக்கானே 45 படங்களைத் தேர்ந்து பட்டியலிட்டது. எனவே திரைப்படம் பார்க்கலாமா என்னும் வினாவுக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நமக்குப் பயிற்சி போதவில்லை.

இன்று பெரும்பாலும் நடப்பது சிலுவை வேட்டை. கதைநாயகன் கைகளை விரித்து நின்றால் அவன் கிறிஸ்து. மூன்றுமுறை விழுந்தால் சிலுவைப்பாதை. இறந்து எழுந்தால் உயிர்ப்பு. 1982-இல் வெளிவந்த 'ஈ.டி.' படத்தில் வேற்றுலகச் சிற்றுயிர் ஒன்று மண்ணுக்கு வந்து, குணமாக்கி, மாண்டு, உயிர்பெற்று, வானேறிச் செல்கிறது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் யூதராயிருந்தும், மறையுரைகளில் அப்படம் உவமையாகிவிட்டது. 2013-இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் சூப்பர்மேனுக்கு வயது முப்பத்து மூன்று. அவன் ஆலோசனை கேட்கப் போகும் ஆலயத்தில் அவனுக்குப் பின்னே கெத்சமனியில் செபிக்கும் இயேசுவின் வண்ணக் கண்ணாடி ஓவியம். அப்படத்தின் நிறுவனம் அமெரிக்கப் போதகர்களுக்குத் தனிக் காட்சிகள் நடத்தி, மறையுரைக் குறிப்புகளையும் அச்சிட்டுக் கொடுத்தது! விற்பவரே எழுதித் தரும் மறையுரையை நாம் என்னவென்று சொல்வது? இத்தகைய தேடலில் நமக்குக் கிடைப்பவை முன்பே தெரிந்த அடையாளங்களே. நம் மனச்சான்றை எதுவும் தொடுவதில்லை.

படத்தில் உள்ளதைப் பார்ப்பதோடு, படம் எதை விட்டுவிட்டது என்றும் கேட்பது பயனுள்ள வேறொரு வழி. மூலக்கதை ஒன்று இருந்து, அது பலமுறை படமாகியிருந்தால் இக்கேள்வி எளிதாகிறது. அத்தகைய கதைகளுள் விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட 'லே மிசராப்ல' தலையாயது. கவியோகி சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பால் அது தமிழில் 'ஏழை படும் பாடு' ஆயிற்று. இன்று நம் மறையுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் இந்நூல் 1864 முதல் 1959 வரை திருச்சபையின் தடைநூற் பட்டியலில் இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

கதையின் தொடக்கம் எல்லாரும் அறிந்ததே. தமக்கையின் ஏழு பிள்ளைகளுக்காக ரொட்டி திருடப் புகுந்த ழான் வால்ழான், தப்பிக்க முயன்ற குற்றங்களும் சேர, பத்தொன்பது ஆண்டுகள் துலோன் நகரில் கடுஞ்சிறையில் கிடந்து வெளிவருகிறான். எந்த விடுதியும் அவனுக்கு இடம் தருவதில்லை. தீஞ் நகரின் ஆயர் மிரியேல் மட்டும் கதவைத் திறந்து, தம் பந்தியில் அமர்த்தி, மெத்தை விரித்துத் தருகிறார். அவனோ இரவில் வெள்ளிப் பாத்திரங்களைக் கவர்ந்து ஓடுகிறான். காவலர் பிடித்துவர, ஆயர் தாமே அவற்றைக் கொடுத்ததாகக் கூறி, வெள்ளி மெழுகுதிரித் தாங்கிகள் இரண்டையும் அவன் கையில் சேர்க்கிறார்.

இக்காட்சியைக் கண்டு கலங்காத கிறிஸ்தவர் அரிது. 2012-இல் டாம் ஹூப்பர் இயக்கிய இசைப்படத்தில் ஹியூ ஜாக்மனின் வால்ழான் எலும்பும் தோலுமாய் நிற்க, கோல்ம் வில்கின்சனின் ஆயர் பாடியபடியே வெள்ளியைக் கொடுக்கும்போது அரங்கம் உருகியது. 1985-இல் இலண்டன் மேடையில் முதன்முதலாக வால்ழானாகப் பாடியவரே இங்கு ஆயராக வருகிறார் என்பது ஒரு நுட்பமான பொருத்தம். மன்னிக்கப்பட்டவரே மன்னிப்பவர் ஆவதுபோல் அது அமைந்துவிட்டது. நம் குழுக்களில் இக்காட்சியிலிருந்து பெறும் பாடம் பெரும்பாலும் ஒன்றே: ஆயர் எவ்வளவு தாராளமானவர், நாமும் அவரைப்போல் தாராளமாக இருக்க வேண்டும்.

ஆனால் ஹியூகோவின் ஆயர் தம்மைத் தாராளமானவராகக் கருதவில்லை. நாவலில் திருட்டுக்கும் காவலர் வருகைக்கும் இடையே ஒரு சிறு காலைப்பொழுது இருக்கிறது. இசைப்படம் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. ஆயர் தோட்டத்தில் குனிந்து, எறியப்பட்ட கூடையால் முறிந்த செடியொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுப் பணிப்பெண் மக்லுவார் அம்மையார் வெள்ளி போயிற்றென்று அலறிக்கொண்டு வருகிறார். ஆயர் சற்று மௌனமாயிருந்துவிட்டு, அந்த வெள்ளி முதலில் நம்முடையதுதானா என்று கேட்கிறார். அதை நெடுநாளாகத் தவறாகத் தாமே வைத்திருந்ததாகவும், அது ஏழைகளுக்குரியது என்றும், வந்தவன் ஏழை என்பதில் ஐயமில்லை என்றும் அமைதியாகச் சொல்கிறார். இனி எதைக்கொண்டு உண்பது என்று அம்மையார் கேட்க, தகரம் நாறும், இரும்பு சுவையைக் கெடுக்கும் என்று ஒவ்வொன்றாய்த் தள்ளி, மரக்கரண்டியில் முடிகிறது பேச்சு. பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்ன மரக்கரண்டிகூட வேண்டியதில்லை என்று அவர் தங்கையிடம் வேடிக்கையாகச் சொல்லி எழும் வேளையில்தான் கதவு தட்டப்படுகிறது.

இந்த உரையாடலைச் சேர்த்துப் படித்தால் காட்சியின் பொருளே மாறிவிடுகிறது. காவலரிடம் ஆயர் கூறியது பொய்யா என்று ஒழுக்கவியல் ஆர்வலர் கேட்பதுண்டு. காவலர் வருமுன்பே அவர் தம் உள்ளத்தில் அந்த வெள்ளியைக் கைவிட்டுவிட்டார். அதற்கும் மேலாக, அது தமதல்ல என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எனவே வால்ழானுக்கு அவர் தந்தது பிச்சையன்று, திருப்பித் தந்த கடன். ஏழைக்குக் கொடுக்கும்போது உன் பொருளை நீ ஈயவில்லை, அவனுடையதையே திருப்பித் தருகிறாய் என்பது புனித அம்புரோசின் கருத்து. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் 'மக்களின் முன்னேற்றம்' பற்றிய சுற்றுமடலில் அதை எடுத்தாண்டார். ஹியூகோ அதை எங்கிருந்து பெற்றாரோ, திருச்சபைத் தந்தையரின் குரலாகவே அது கேட்கிறது.

நாவலின் முதற்பகுதி முழுவதும் இதற்கான ஆயத்தமே. மிரியேல் பதவியேற்றதும் தம் மாளிகையையும் அடுத்திருந்த சிறு மருத்துவமனையையும் பார்க்கிறார். இருபத்தாறு நோயாளிகள் நெருக்கடியில் கிடக்க, தாமும் தங்கையும் பணிப்பெண்ணுமாக மூவர் மட்டும் பெரிய மாளிகையில் இருப்பது ஏதோ தவறு என்று சொல்லி, இரண்டையும் மாற்றிக்கொள்கிறார். அரசு தரும் பதினைந்தாயிரம் ஃபிராங்கில் ஆயிரத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் பகிர்ந்துவிடுகிறார். இத்தனைக்குப் பிறகும் அவரிடம் எஞ்சியிருந்த ஒரே ஆடம்பரம் அந்த வெள்ளி. அதன்மீது அவருக்குச் சிறு பற்றும் இருந்தது. அந்தப் பற்றையும் திருடன் வந்து அறுத்துவிடுகிறான். அன்றிரவு மீட்பு பெற்றவர் ஒருவரா, இருவரா?

லூக்கா நற்செய்தியின் சக்கேயு இங்கு நினைவுக்கு வருகிறார். வால்ழானைச் சக்கேயுவோடு ஒப்பிடுவது நம் வழக்கம். விருந்தினராய் இயேசு வந்து நுழைந்ததால் மாறிய பாவி அவர். ஆயினும் தம் உடைமையில் ஏழைகளுக்குரியது இருக்கிறதென்று உணர்ந்து எழுந்து நின்று திருப்பித் தருபவரும் சக்கேயுவே. அந்த வகையில் மிரியேல் அல்லவா சக்கேயு!

1998-இல் பில் ஆகுஸ்ட் இயக்கிய படம் வேறொரு வழியில் செல்கிறது. அதில் லியாம் நீசனின் வால்ழான் தப்பும்போது ஆயரைத் தாக்கிவிட்டே ஓடுகிறான். மறுநாள் காயத்தோடுதான் ஆயர் அவனை எதிர்கொள்கிறார். மன்னிப்பின் விலையை உயர்த்திக் காட்டும் உத்தி இது. அது பலிக்கவும் செய்கிறது. தோட்டக் காட்சியும் மரக்கரண்டியும்கூட இப்படத்தில் உண்டு. ஆனால் அந்த வெள்ளி நம்முடையதுதானா என்னும் கேள்வி இல்லை. அடிபட்டவர் பொறுத்துக்கொண்டார் என்பதோடு காட்சி நிறைவடைகிறது. கரண்டியை வைத்துக்கொண்டு கேள்வியை எடுத்துவிட்டார்கள்.

படங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் மற்றொன்று ழெர்வே என்னும் சிறுவனின் கதை. ஆயரிடம் அத்தனை பெரிய அருளைப் பெற்றுச் சென்ற வால்ழான், வழியிலேயே அச்சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்து அவனை விரட்டிவிடுகிறான். பின்னரே தான் செய்தது உறைக்க, பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அழுகிறான். ஒரு பாட்டு முடியுமுன் மனம் மாறும் திரை நாயகர்களுக்கு இது ஒத்துவராது. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே மீண்டும் விழும் நமக்கோ இது நன்றாகவே ஒத்துவரும். நேர்மையாளனாவேன் என்று வால்ழான் தமக்கு வாக்களித்ததாக ஆயர் சொல்கிறார். அவனுக்கோ அப்படி வாக்களித்த நினைவே இல்லை. வாக்கைப் பெறாமலே அதை நம்பிவிடும் அந்த அருளைத் திரையில் காட்டுவது கடினம்தான்.

தமிழ்த்திரை இக்கதையை இருமுறை நினைவில் நிற்கும்படி கையாண்டது. 1950-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்திற்காக கே. ராம்நாத் இயக்கிய 'ஏழை படும் பாடு' படத்தில் நாகையாவே வால்ழான். ஜாவர் வேடமேற்ற சீதாராமனுக்கு அப்பெயரே அடைமொழியாகி, வாழ்நாள் முழுவதும் அவர் 'ஜாவர்' சீதாராமனாகவே அறியப்பட்டார். மன்னித்தவரை மறந்து துரத்தியவரின் பெயரை நாடு நினைவில் வைத்துக்கொண்டது! தமிழ்ச்சூழலுக்கு மாற்றிய அக்கதையில் ஆயரை ஆயராகவே இருக்கவிட்ட துணிவுக்காக நாம் நன்றி சொல்லவேண்டும்.

1972-இல் வந்த 'ஞான ஒளி' நம் மக்களின் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. வியட்நாம் வீடு சுந்தரத்தின் மேடைநாடகத்தைத் தழுவி பி. மாதவன் இயக்கிய அப்படத்தில், ஆலயமணி அடிப்பவராகவும் சவப்பெட்டி செய்பவராகவும் சிவாஜி கணேசனின் ஆண்டனி வருகிறார். துரத்தும் காவல் அதிகாரி லாரன்சாக மேஜர் சுந்தரராஜன். இங்கே அருட்தந்தை ஆண்டனியை வளர்த்தவர். லாரன்சோ ஆண்டனியின் நண்பர். மேடையிலிருந்து வந்த கதைக்கு இந்த உறவுகள் வலுவூட்டுகின்றன. சிவாஜியின் நடிப்பு அவற்றின்மீதே எழுகிறது. எனினும் ஓர் இழப்பு நேர்ந்துவிட்டது. தான் வளர்த்த பிள்ளையைத் தந்தை ஏற்றுக்கொள்வதில் பாசம் இருக்கிறது. முன்பின் அறியாதவனை, பெயரைக்கூடக் கேளாமல், இது கிறிஸ்துவின் இல்லம் என்று உள்ளே அழைப்பது வேறு. இறையருளைக் குடும்பப் பாசமாக மாற்றாமல் நம் வெகுசனத் திரையால் அதைக் காட்ட முடிவதில்லை. இது திரையின் குறை மட்டுமா, அல்லது நம் பங்குகளிலும் உறவும் ஊரும் சாதியும் பார்த்தே இரக்கம் சுரக்கிறதா?

படங்கள் அக்காலைப்பொழுதை விடுவதற்குக் காரணம் ஊகிக்கக் கடினமன்று. தாராளமான ஆயரைக் கண்டு எல்லாரும் கைதட்டலாம், செலவு ஏதுமில்லை. கடன்பட்ட ஆயரைக் கண்டால், பார்ப்பவர் தம் வீட்டு அலமாரியையும் நினைக்க நேரும். வீட்டு அலமாரி மட்டுமன்று. ஆலயத்தின் பொருளறையையும் நினைக்க நேரும். திருவிழாத் தேருக்கு வெள்ளித்தகடு வேயும் பங்கில் 'லே மிசராப்ல' திரையிட்டுவிட்டு, இரக்கத்தைப் பற்றிக் கலந்துரையாடுவது எளிது. வெள்ளியைப் பற்றிக் கலந்துரையாடுவதுதான் கடினம். வழிபாட்டின் அழகுக்கு நான் எதிரியல்லன். ஆனால் மிரியேல் கேட்ட கேள்வியை ஓர் ஆயரே கேட்டார் என்பதை மறந்துவிட இயலாது.

ஹியூகோவைத் திருமுழுக்குக் கொடுத்து நம்மவராக்கிக்கொள்ளவும் வேண்டாம். அவர் இறைவனை நம்புவதாக எழுதிவைத்தார். அதே குறிப்பில் எந்தத் திருச்சபையின் செபமும் தமக்கு வேண்டாமென்றார். அவர் வால்ழானும் அருட்தந்தையை அழைக்காமல், மேலே சுட்டிக்காட்டி, தனக்கு ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியே இறக்கிறான். அருகே அந்த மெழுகுதிரித் தாங்கிகளில் சுடர் எரிகிறது. 1885-இல் ஹியூகோ மறைந்தபோது, ஏழைகளின் சவவண்டியில்தான் தம்மைக் கொண்டுசெல்ல வேண்டுமென்றும், ஏழைகளுக்கு ஐம்பதாயிரம் ஃபிராங்க் தரவேண்டுமென்றும் எழுதிவைத்திருந்தார்.

அடுத்தமுறை ஞான ஒடுக்கத்தில் இப்படத்தைக் காட்டுவோர் ஒன்று செய்து பார்க்கலாம். வால்ழான் வெள்ளியோடு ஓடி மறையும் இடத்தில் படத்தை நிறுத்தி, நாவலின் அந்தத் தோட்டப் பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு, காவலர் வருமுன், நம்மிடமுள்ள எது உண்மையில் நம்முடையது என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும். அதன்பின் படத்தைத் தொடரலாம்.