வளைவைப் பார்க்கிறவர்கள் வாசலைப் பார்ப்பதில்லை

வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம், வளைவு வைத்த தாழ்வாரம். சேலத்தில் 1857இல் தொடங்கிய ஜில்லா பள்ளி 1879இல் கல்லூரியாக உயர்ந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். உள்ளே யார் உக்காந்தது, வெளியே யார் நின்றது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். இவர்களுக்குக் கட்டடக்கலை கூரையோடு முடிந்துபோகிறது. நமக்கு அது தெருவில் தொடங்குகிறது.

பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருந்தது? 1919இல் சென்னை அரசாங்கம் போட்ட ஆணை ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் 609இல்தான் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். காரணம் என்ன? பள்ளி நடந்த இடம் அக்கிரகாரம், கோயில், சாவடி. வாடகைக் கட்டடம் என்றால் சொந்தக்காரன் விடமாட்டான். ஆக, வாத்தியார் வாயைத் திறந்து 'வராதே' என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இடமே சொல்லிவிடும். சர்க்கார் பணம் கொடுத்தது, ஊர் வாசலை அடைத்தது.

வெள்ளைக்காரன் வந்ததால்தான் நாம படிச்சோம் என்று சொல்கிறவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வாசல் அடைபட்டதால்தானே நமக்குத் தனிப்பள்ளி வந்தது? சென்னையில் ஆல்காட் 1894இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920களில் லேபர் டிபார்ட்மெண்ட் நம் சனங்களுக்குப் பள்ளி வைத்தது. அதன் வாரிசுதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பாரம்பரியக் கட்டடம் பேசுகிற கட்டுரைகளில் இதெல்லாம் வருவது அபூர்வம். வளைவு இல்லாததால் வரலாறும் இல்லை என்று ஆகிவிடுமா?

வாசலைத் தாண்டினாலும் தீண்டாமை உள்ளேயும் அளந்து வைத்திருந்தது. சதாராவில் படித்தபோது அம்பேத்கர் வீட்டிலிருந்து கோணித்துணி கொண்டுபோய்த் தனியாக ஒரு மூலையில்தான் உக்கார்ந்தார். பள்ளிப் பியூன் ஊற்றினால்தான் தண்ணீர். தரையும் தண்ணீர்ப் பானையும் கட்டடத்தின் பாகங்கள்தான். எந்த வரைபடத்திலும் இருக்காது, அவ்வளவுதான். 1995இல் இதே சேலம் மாவட்டத்தில், பள்ளிப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்த குற்றத்துக்காக வாத்தியார் அடித்து ஒரு தலித் சிறுமிக்கு ஒரு கண்ணின் பார்வை போனது. வெள்ளைக்காரன் போய் அப்போது 48 வருசம். சுவரும் கூரையும் மாறியிருந்தன. பானை மாறவில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய பள்ளிகளை ஆய்வு செய்யப்போகும் மாணவத் தோழர்களே, தூண்களை அளங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேரியிலிருந்து அந்த வாசலுக்கு எத்தனை அடி, வழியில் யார் யார் தெரு, குடிதண்ணீர் எங்கே வைத்தார்கள், பழைய சேர்க்கைப் பதிவேட்டில் நம் பிள்ளையின் பெயர் எந்த வருசம் முதலில் ஏறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வயசானவங்ககிட்ட கேட்டால் பாதி விவரம் கிடைக்கும். அதுவும் சேர்ந்தால்தான் அது அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாறு.