தி எல்ஃப்ஸ்டோன்ஸ் ஆஃப் ஷன்னாரா: வாசகர் கருத்து வேறுபாடுகளும் மதிப்பீடும்

'தி எல்ஃப்ஸ்டோன்ஸ் ஆஃப் ஷன்னாரா' அமெரிக்க எழுத்தாளர் டெர்ரி புரூக்ஸ் எழுதி 1982-ல் வெளிவந்த மிகுபுனைவு நாவல். 1977-ல் வெளியான 'தி சோர்ட் ஆஃப் ஷன்னாரா'வின் தொடர்ச்சியாக எழுதப்பட்டது. எல்ஃப் இனத்தாரின் நாட்டை மையமாகக் கொண்ட இந்நாவலை ஷன்னாரா வரிசையிலேயே சிறந்தது என்று கூறும் வாசகர்கள் பலர். இதன் முடிவை ஏற்க முடியாமல் நூலை மூடி வைத்தவர்களும் உண்டு. இரு தரப்பாரும் தம் கருத்துக்குச் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரே நிகழ்வைத்தான். அதனால் இந்தக் கருத்து வேறுபாட்டைத் தனியே ஆராய்வது பயனுள்ளது.

பின்னணி

முதல் நாவல் விற்பனையில் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை அடியொற்றி எழுதப்பட்டது என்ற குற்றச்சாட்டும் உடனே எழுந்தது. லின் கார்ட்டர் போன்ற விமர்சகர்கள் அதைக் கடுமையாகவே சாடினர். இரண்டாம் நூலாக புரூக்ஸ் முதலில் எழுதி வந்த கதையைப் பதிப்பாசிரியர் லெஸ்டர் டெல் ரே ஏற்கவில்லை. புரூக்ஸ் அதைக் கைவிட்டுப் புதிதாக வேறொரு கதையைத் தொடங்கினார். முதல் நூலுக்கும் இரண்டாம் நூலுக்கும் இடையே ஐந்தாண்டுகள் ஆயின.

கதைச்சுருக்கம்

எல்ஃப்களின் தலைநகரான ஆர்போர்லானில் எல்கிரிஸ் என்னும் தொன்மையான மரம் உள்ளது. பழங்காலப் போரில் தோற்ற அரக்கர்களை வேறோர் உலகில் அடைத்து வைத்திருப்பது அம்மரத்தின் ஆற்றலே. மரம் பட்டுப்போகத் தொடங்கியதும் அடைப்பு தளர்ந்து அரக்கர்கள் வெளியேறுகின்றனர். மரத்தின் விதையை 'குருதித் தீ' என்னும் நெருப்பில் நனைத்துக் கொண்டுவந்தால்தான் புதிய மரம் பிறக்கும்.

விதையைச் சுமக்கும் பொறுப்பு அரசர் ஈவன்டைனின் பேத்தி ஆம்பர்லியிடம் வருகிறது. அவள் முன்பே மரத்தின் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் நெருக்கத்துக்கு அஞ்சி, பணியை விட்டு விலகி வேறோர் ஊரில் குழந்தைகளுக்குக் கற்பித்து வருபவள். முதல் நாவலின் நாயகன் ஷியாவின் பேரனும் மருத்துவம் பயில்பவனுமான வில் ஓம்ஸ்ஃபோர்டு அவளுக்குத் துணையாகச் செல்கிறான். அவனிடம் எல்ஃப் கற்கள் உள்ளன. இருவரையும் அனுப்பி வைப்பவர் அலனான் என்னும் மர்மமான ட்ரூயிட்.

இறுதியில் ஆம்பர்லியே அந்த விதை என்பது வெளிப்படுகிறது. அவளே மரமாக மாறுகிறாள். பழைய மரமும் முன்னொரு காலத்தில் ஒரு பெண்ணாக இருந்ததே.

வாசகர் கருத்துகள்

முதல் வேறுபாடு, தொடர்ச்சி என்றால் என்ன என்பது பற்றியது. முதல் நூலின் ஷியா, ஃபிளிக், மெனியன் ஆகியோருடன் மீண்டும் பயணம் செய்ய விரும்பியவர்கள் ஏமாற்றமடைந்தனர். கதை இரண்டு தலைமுறை தள்ளி நடக்கிறது. முதல் நூலில் வலிமையோடு வந்த ஈவன்டைன் இங்கே முதியவர். டோல்கீனின் எல்ஃப்களுக்கு மூப்பு இல்லை. புரூக்ஸின் எல்ஃப்கள் மூப்படைகின்றனர், இறக்கின்றனர், பழைய மந்திர ஆற்றலையும் பெரும்பாலும் இழந்துவிட்டனர். இதைக் குறையாகக் கருதியவர்கள் உண்டு. புரூக்ஸ் தன் சொந்த உலகைக் கண்டடைந்தது இங்கேதான் என்று கருதியவர்களும் உண்டு.

இரண்டாவது வேறுபாடு, கதையமைப்பு பற்றியது. நாவல் ஆம்பர்லி, வில் ஆகியோரின் பயணத்தையும் எல்ஃப் படையின் தற்காப்புப் போரையும் மாறி மாறிச் சொல்கிறது. போர்ப் பகுதிகள் நீள்வதாகச் சிலர் கூறுவர். அலனான் வந்து ஓம்ஸ்ஃபோர்டு குடும்பத்து இளைஞன் ஒருவனை அழைத்துச் செல்லும் தொடக்கம் முதல் நூலையே நினைவூட்டுகிறது என்பதும் நியாயமான குறையே. அதேவேளை, பெண் பாத்திரங்களுக்கு அதிக இடம் இல்லாதிருந்த முதல் நூலோடு ஒப்பிட, ஆம்பர்லியும் நாடோடிப் பெண் எரெட்ரியாவும் தமக்கென விருப்பமும் அச்சமும் கொண்டவர்களாகப் படைக்கப்பட்டிருப்பதைப் பலரும் பாராட்டுவர்.

மூன்றாவதும் முக்கியமானதும் முடிவு பற்றியது. ஒரு சாரார் இதைத் தியாகம் என்பர். மற்றொரு சாரார் இதை வஞ்சகம் என்பர். அலனானுக்கு உண்மை தெரியும். தெரிந்தே அவர் அதைச் சொல்லாமல் அவளை அனுப்புகிறார். விலை கொடுக்க வேண்டியவளிடமே விலையை மறைப்பது எப்படித் தியாகமாகும் என்பது இவர்களின் கேள்வி.

மதிப்பீடு

இம்முடிவு வாசகரை ஏமாற்றும் தந்திரமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மறுவாசிப்பில் விடை கிடைக்கிறது. மரத்தின் பணிக்கு நீண்ட காலமாக ஆண்களே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தபோது ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்? மரம் அவளிடம் மட்டும் அத்தனை நெருங்கிப் பேசியது ஏன்? தன்னையே இழந்துவிடுவோம் என்று அவள் அஞ்சி ஓடியது ஏன்? இக்கேள்விகள் தொடக்கத்திலேயே உள்ளன. மற்றவர்கள் அவளைக் கோழை என்று எண்ணுகிறார்கள். உண்மையில், நடக்கப்போவதை அவள் ஒருத்திதான் உணர்ந்திருந்தாள் என்பது கடைசியில் தெரிகிறது. ஆகவே முடிவு கதைக்குள்ளிருந்தே வருகிறது.

முடிவு கதைக்குப் பொருந்துவதாலேயே அது நியாயமானது என்று ஆகிவிடாது. இங்குதான் புரூக்ஸின் நேர்மை வெளிப்படுகிறது. கோபம் கொண்ட வாசகர் கேட்க நினைப்பதை நாவலுக்குள் வில்லே அலனானிடம் கேட்கிறான். அலனானின் பதில் அவரைக் குற்றமற்றவராக ஆக்குவதில்லை. உலகைக் காக்க அவர் எதையும் மறைப்பார் என்பதை வாசகர் கசப்போடு அறிந்துகொள்கிறார். அதேவேளை, கடைசி அடியை எடுத்து வைப்பது ஆம்பர்லியின் சொந்த முடிவு. யாரும் அவளை மரத்தடிக்கு இழுத்துச் செல்லவில்லை. மறைத்தது அலனானின் குற்றம், ஏற்றது ஆம்பர்லியின் துணிவு. இரண்டும் சேர்ந்தே உண்மை. ஒரு தரப்பு வாசகர் முதலாவதைக் கண்டனர், மற்றொரு தரப்பு இரண்டாவதைக் கண்டனர். இரு தரப்பும் தவறாகப் படிக்கவில்லை.

நாவல் சறுக்குவது அதற்குப் பிறகே. ஆம்பர்லியை இழந்த வில், சில பக்கங்களிலேயே எரெட்ரியாவுடன் புது வாழ்வுக்குத் திரும்புகிறான். துயரத்துக்குப் போதிய இடம் தரப்படவில்லை. முடிவை வெறுத்த வாசகர்கள் பலரின் மனக்குறை ஆம்பர்லி மரமானதைவிட, அவள் இவ்வளவு விரைவில் மறக்கப்பட்டதில் இருந்து வந்திருக்கலாம்.

தொடரும் தாக்கம்

எல்ஃப் கற்களைப் பயன்படுத்தியதால் வில்லின் உடலில் நேர்ந்த மாற்றமே அவனது பிள்ளைகளின் மந்திரப் பாடலாக 1985-ல் வெளியான 'தி விஷ்சாங் ஆஃப் ஷன்னாரா'வில் தொடர்கிறது. 2016-ல் எம்டிவி தொலைக்காட்சித் தொடராக்க முனைந்தபோது முதல் நூலை விடுத்து இந்நூலையே எடுத்துக்கொண்டது. முதல் பருவம் ஆம்பர்லி மரமாவதோடு நிறைவடைந்தது. நூலை அறியாத புதிய பார்வையாளர்களிடமும் அதே கேள்வி எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாவல் வாசிக்கப்பட்டு வருவதற்கு, அந்தக் கேள்விக்கு அது எளிய விடை தராததும் ஒரு காரணம் எனலாம்.