நாலு வரிக் குறிப்பும் கருகிய பர்னரும்

எங்கள் வீட்டு காஸ் அடுப்பின் கறைக்குத் தேதி உண்டு. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை. நாற்பது வருஷம் கழித்து அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய அந்த 48 நாளும் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அடுப்பு அணையவே இல்லை. திருச்சி சித்தப்பா, மும்பை மச்சினி, அவள் ஆபீஸ் சிநேகிதி, சிநேகிதியின் மாமியார். பால் பொங்கி வழிவதை யார் பார்த்தார்கள்?

கூட்டம் போனது. கறுப்புப் பர்னர் மிஞ்சியது. துளைகள் அடைத்துக்கொண்டு தீ மஞ்சளாக எரிந்தது. மஞ்சள் தீ என்றால் காஸ் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். ஜன்னல் சாத்திய சமையலறையில் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு வாசனை கிடையாது. காஸின் சூட்டில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அடுப்புக்கான ஐ.எஸ். 4246 தரவிதி. எங்கள் பர்னரைச் சோதித்திருந்தால் பாஸ் மார்க் வாங்கியிருக்காது.

சரி, பத்திரிகைக் குறிப்புகள் இருக்கின்றனவே என்று இறங்கினேன். எல்லோரும் படிக்கிற, ஆனால் யாருமே விமர்சனம் எழுதாத இலக்கியம் ஒன்று உண்டென்றால் அது வீட்டுக் குறிப்புதான். கதை எப்போதும் ஒன்றே. ஒரு கறை, ஒரு ரகசியப் பொருள், கடைசியில் 'பளிச்'. சமையல் குறிப்பிலாவது உப்பு எவ்வளவு என்று போடுவார்கள். இதில் அளவு கிடையாது, நேரம் கிடையாது. எந்த உலோகம் என்ற பேச்சே கிடையாது. பால் கருகியதா, எண்ணெய் கருகியதா? மூச்.

எல்லாக் குறிப்புக்கும் கதாநாயகன் சமையல் சோடாவும் வினிகரும். இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் புஸ்ஸென்று நுரை வரும். பார்க்க ஜோராக இருக்கும். நான் பி.காம். ஒரு பக்கம் டெபிட், ஒரு பக்கம் கிரெடிட், பாலன்ஸ் பூஜ்யம் என்றால் எனக்குப் புரியும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கொஞ்சம் உப்புத் தண்ணீரும் வாயுவுமாக முடிகிற கணக்கு அது. சாயப் பட்டறையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். "ரெண்டையும் ஒரே பானையில போட்டா அதுங்க சண்டை போட்டுக்கும் சார். அழுக்கு வேடிக்கை பார்க்கும்!"

அவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் சுமார் கால் பங்கு பசை. சோப்பும் சோடாவும் கலந்த சுடுதண்ணீரில் அதைக் கரைத்து எடுத்த பிறகுதான் புளிப்புச் சேர்த்த சாயத் தண்ணீர். முதலில் காரம், அலசல், அப்புறம் அமிலம். தேய்ப்பதே கிடையாது, சூடும் நேரமும்தான் வேலை செய்கின்றன. பர்னருக்கும் இதே நியாயம்தான். கருகிய எண்ணெய்ப் பசையை இளக்குவது காரம். பித்தளையின் கறுப்பை எடுப்பது புளி, எலுமிச்சை. ஈனோவும் எலுமிச்சையும் போட்டால் பித்தளை மினுக்குவது நிஜம்தான். அது எலுமிச்சையின் புண்ணியம். துளைக்குள் இருக்கும் கரி பாட்டுக்கு அங்கேயே இருக்கும்.

இன்னொரு குறிப்பை நம்பிச் சலவை சோடாவில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். பெரிய பர்னர் பித்தளை, பிழைத்தது. சின்னது அலுமினியம். காலையில் சாம்பல் பூத்து, தொட்டால் விரலெல்லாம் கறுப்பு. "என்னங்க, இதுக்குப் பழசே தேவலையே" என்றாள் மனைவி. கழிவறை ஆசிட்டை ஊற்றச் சொல்கிற வீடியோக்களும் செல்போனில் சுற்றுகின்றன. அதை ப்ளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் வருவது குளோரின், விஷவாயு. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பத்திரிகையில் இந்தக் குறிப்புகளை எடிட் செய்தவன் நான். 'அலுமினியப் பாத்திரத்துக்கு வேண்டாம்' என்று யாரோ ஒரு வாசகி கவனமாக எழுதியிருப்பார். நாலு வரிக்குள் அடங்கவில்லையென்று முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.

வெட்டியதை இங்கே ஒட்டிவிடுகிறேன். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றுங்கள். அலுமினியம் என்றால் சுடுதண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் மட்டும். பித்தளை, இரும்பு என்றால் அதோடு ஒரு ஸ்பூன் சலவை சோடா. சில மணி நேரம் ஊறட்டும், பழைய டூத் பிரஷ் போதும். துளைக்கு மெல்லிய ஊக்கு, பெரிதாக்கிவிடாதீர்கள். பல்குத்தும் குச்சி உள்ளேயே ஒடிந்துகொள்ளும். காஸ் வருகிற ஜெட்டை மெக்கானிக்குக்கு விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மாட்டி, தீ நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். 'பளிச்' வராது. எங்கள் பர்னரில் பழைய கறை இன்னமும் கொஞ்சம் இருக்கிறது. தீ நீலம்தான்.

அத்தி வரதர் இனி வருவது 2059-ல். அதுவரை பால் வைத்தால் யாராவது ஒருவர் பக்கத்திலேயே நிற்பது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நிற்பது நான்.