பட்டியலுக்கு வெளியே

மல்லசமுத்திரத்திலிருந்து வரும் ஆய்வு மாணவி ஒருத்தி, தற்காலப் பெண் ஓவியர்களைப் பற்றி எழுத விரும்பினாள். தரவுகளை எங்கே தேடுவது என்று கேட்டாள்.

சென்னைக்குப் போ என்பதுதான் வழக்கமான பதில். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், லலித் கலா அகாடமி, சோழமண்டலம் எல்லாம் அங்கேதான். ஆனால் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிப்பவள், ஒரு வாரம் வெளியூரில் தங்க வீட்டில் யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஆய்வு நெறிமுறை நூல்களில் இதற்கு இயல் கிடையாது.

போய்ச் சேர்ந்தாலும் கிடைப்பது என்ன? 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான கதை கே.சி.எஸ். பணிக்கரின் பெயரோடு நமக்குக் கிடைக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் அவரிடம் பயின்ற டி.கே. பத்மினி, 1969இல், முப்பது வயதை எட்டும் முன்பே பிரசவத்தில் இறந்தார். அவர் ஓவியங்களைக் கேரள லலிதகலா அகாடமி பாதுகாத்து வைத்திருப்பதால் இன்று பார்க்க முடிகிறது. அதே கல்லூரியில் படித்தவர் சிற்பி அனிலா ஜேக்கப். சென்னைக் கலை இயக்கம் என்றதும் நாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் பெயர்களில் இவ்விருவரும் எத்தனையாவது இடத்தில் வருகிறார்கள்?

ஹாங்காங்கில் 2000இல் தொடங்கிய ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ், தெற்காசியக் கலை எழுத்துகளுக்கு ஒரு நூலடைவை இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழும் அதில் உண்டு. கைப்பேசியிலேயே தேடலாம், யார் அனுமதியும் வேண்டாம். பெரிய உதவிதான். ஆனால் நூலடைவு அச்சேறியதை மட்டுமே காட்டும். யாரும் எழுதாமல் விட்ட பெண் அதிலும் இருக்கமாட்டாள்.

எனவே அவளிடம் இப்படிச் சொன்னேன்: சிற்றிதழ்களிலிருந்து தொடங்கு. சி. மணியின் ‘நடை’ 1968இல் நம் சேலத்திலிருந்துதான் வந்தது. எந்த இதழானாலும் அட்டையை, கோட்டோவியங்களை, வரைந்தவர் பெயர் இருக்கும் பொடி எழுத்தைப் பார். கண்காட்சி அழைப்பிதழ், விலைப்பட்டியல் எதையும் ஒதுக்காதே. இன்று வரைந்துகொண்டிருக்கும் பெண்களிடம் நேரில் பேசு. எந்த அறையில், எந்த நேரத்தில் வரைகிறார்கள் என்று கேள். வரையாமல் போன ஆண்டுகளைப் பற்றிக் கட்டாயம் கேள். பேசியதைத் தேதியிட்டு எழுது. அவர்கள் சம்மதித்தால் ஒரு படியை நூலகத்துக்குக் கொடு.

நேர்காணலைப் பின்னிணைப்புக்குத் தள்ளுவது தமிழ்த் துறைகளின் பழக்கம். இந்த ஆய்வேட்டில் அது முதல் இயலாக இருக்க வேண்டும். ‘போதிய தரவுகள் இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அவர்களை எழுதாமல் விட்டவர்களோடு நாமும் சேர்ந்துவிடுவோம்.