மணல் மேசையும் கண்ணாடி மேசையும்

கூட்டாகக் கற்பதற்கென்று வகுப்பறைக்குச் செய்யப்படும் தொடுதிரை மேசையைப் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை விளம்பரம், சிலவே ஆராய்ச்சி. விளம்பரத்தோடு வாதிடுவதிற் பயனில்லை. ஆராய்ச்சி எதை நிறுவுகிறது, எதை நிறுவாமல் விடுகிறது என்று பார்ப்பதே தகும்.

இங்கிலாந்தின் டேர்ஹாம் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2012இல் வெளியாயின. பெரும்பாலும் 8 முதல் 10 வயதுக்குட்பட்ட 400க்கு மேற்பட்ட சிறுவர் அதிற் பங்குபற்றினர். மேசையின் மேற்பரப்பு முழுவதும் திரை. சுற்றியிருக்கும் பிள்ளைகள் அனைவரும் ஒரே வேளையில் விரல் வைத்து எழுதலாம். குறித்ததோர் எண்ணை விடையாகத் தரும் கணக்குகளை இயன்ற வழிகளிலெல்லாம் அமைப்பதே பயிற்சி. பயிற்சிக்குப்பின் முன்னையிலும் மிகுதியான கணக்குகளைப் படைத்தோர், மேசையிற் பயின்றோருள் நூற்றுக்கு 45 பேர். தாளிற் பயின்றோருள் 16 பேர். வேறுபாடு சிறிதன்று. அதை மறுக்க முற்படுவது பிடிவாதமேயன்றி விமர்சனமாகாது.

ஆயினும் அவ்வெற்றி கண்ணாடிக்கு உரியதா என்று கேட்க வேண்டும். ஒருவன் எழுதியது மற்றவளின் கண்ணில் உடனே படுகிறது. அதைக் கண்டு அவள் வேறொன்றை நினைக்கிறாள். ஒளித்து எழுதுவதற்கு அங்கே இடமில்லை. 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. தம் வகுப்பில் யார் எங்கே அமர்வது என்று மூவர் மூவராகத் திட்டமிடும் வேலை பிள்ளைகளிடம் விடப்பட்டது. (ஆசிரியரின் அதிகாரத்தில் கைவைக்கும் வேலைதான்!) ஒரு நேரத்தில் ஒரு விரலை மட்டும் ஏற்கும் மேசையிலே பிள்ளைகள் 'இனி யார் முறை' என்பதைப் பற்றியே மிகுதியாகப் பேசினர், பல விரல்களை ஏற்கும் மேசையிலே வேலையைப் பற்றி மிகுதியாகப் பேசினர். நல்ல பயன்தான். ஆனால் மூவருக்கிடையே பங்கேற்பின் சமத்துவத்தில் இரு மேசைகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எல்லோர் விரலுக்கும் இடந்தருவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதை அவ்வாய்வே சொல்லுகிறது. விளம்பரகாரர் இதை எடுத்துக்காட்டுவதில்லை.

விரலால் எழுதும் பலகை மேல்நாட்டாரின் புதுமையுமன்று. 1789இல் சென்னை எழும்பூரில் நிறுவப்பட்ட படைவீரரின் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்து வரையக் கண்டார். பலகையில் மணல் பரப்பித் தம் இல்லத்திலும் அதைத் தொடங்கினார். பெரிய ஆசிரியர்கள் உடன்படாமையால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கற்பிக்க வைத்தார். 1797இல் அவர் எழுதிய நூல் இலண்டனில் வெளிவந்தது. சிறுவர் சிறுவருக்குக் கற்பிப்பதற்கு 'மதராஸ் முறை' என்று பெயராயிற்று. 1809இல் அவருக்குப் பெரும்பதவி கிடைத்த இடம் அதே டேர்ஹாம் பகுதி!

இங்கிலாந்தில் அம்முறைக்கு நேர்ந்த கதியை நாம் மறக்கலாகாது. தொழில் நகரங்களின் ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் அடக்கிவைக்க ஆள்வோருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையிலே சட்டாம்பிள்ளைகள். சென்னையில் தோழமையாகத் தொடங்கியது அங்கே கங்காணி முறையாகத் திரிந்தது. மணல் அதே மணல்தான், விரலும் விரல்தான்.

தமிழ்நாட்டிலே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு மேசையே வேண்டியிருக்கவில்லை. தரையில் வட்டமாக அமர்ந்த பிள்ளைகளும் அட்டைகளும் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகையும் போதுமாயின. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2007இல் அறிவித்த தொடுதிரை மேசையின் விலையோ ஏறத்தாழ 10,000 டொலர்.

உடப்பின் பிள்ளைகளுக்குக் கூட்டு முயற்சி இன்னதென்று எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாடலின் அடியை எடுத்துக்கொடுக்க மற்றையோர் தொடர்வர்; இரண்டு பக்கத்துக் கயிறும் ஒத்து வராவிடின் மடியில் மீன் தங்காது. இழுக்கும்போது எல்லோரும் ஒன்றே. பங்கு பிரிக்கும்போது வலைக்குரிய சம்மாட்டிக்கு ஒரு கணக்கு, கயிறு பிடித்தவனுக்கு வேறொரு கணக்கு.

எமது நாட்டின் வகுப்பறையிலே பங்கு பிரிக்கும் வேலையைப் பரீட்சை செய்கிறது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளைத் தனித்தனியே இருத்தி, ஒருத்தியின் தாளை மற்றவள் பார்த்துவிடாதபடி காவல் நிற்கிறோம். பெயர்பெற்ற பாடசாலைகளில் உள்ள இடங்களோ சில. ஆகவே அயலில் இருப்பவள் பெறும் ஒவ்வொரு புள்ளியும் தனக்கு நட்டமென்று பிள்ளை உணர்ந்துகொள்கிறது. தாய்தந்தையர் கேட்பதும் அந்தப் புள்ளியைத்தான். அவர்களிற் குற்றமில்லை, கடற்கரையை விட்டு வெளியேறும் வாயில் அவர்களுக்கு அது ஒன்றே. தொடுதிரை மேசையைக் கொண்டுவந்து இந்தப் பிள்ளைகளை அதைச் சுற்றி நிறுத்தினால், ஆண்டு முழுவதும் எழுதியதைக் கையால் மறைக்கப் பழகியவர்கள் அங்கே எதைத் திறந்து வைப்பார்கள்? அப்பரீட்சையின் வினாத்தாள்களிலே இருவர் கூடி விடையெழுதும் வினா ஒன்றேனும் இல்லை.